கூலிக்கு ஓட்டுகிறவர்

கொர்னேலிஸ் சக்கரத்தைக் காதோரம் தூக்கிப் பிடித்து, கம்பிகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டிருக்கிறார். ஒன்று மந்தமாக ஒலித்தால் முகம் சுளிக்கிறார், திருகுகிறார், மறுபடி சுண்டுகிறார். ரங்கூன் பசுந்தாங் கடைத்தெருவில், கீழக்கரை பர்கத்துல்லாவின் சைக்கிள் கடை வாசலில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருக்கும் ஆறடி வெள்ளைக்காரர் இவர் ஒருவர்தான். பிறந்தது ஹாலந்து. பேசுவது கீழக்கரைத் தமிழ்.

அந்தக் கடையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆகையால் இவர் 'கொர்னேலி காக்கா'. அந்த வழக்கம் தெரியாத நம்மவர்கள் சிலர் வாசலில் நின்று கரைந்து காட்டிவிட்டுப் போவதுண்டு. அவர் கோபிப்பதில்லை. பர்மியர்கள் 'பரவாயில்லை' என்பதற்குச் சொல்லும் 'கெய்ச்சா மஷிபூ'தான் எதற்கும் அவர் பதில். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து நம்மைப் போலவே சாப்பிடுகிறார். ரொட்டி சுடும் வாசனை வந்தால் மட்டும் எழுந்து அப்பால் போய்விடுவார். பதினாறு வயதுவரை தகப்பனாரின் ரொட்டி அடுப்பில் வெந்தாராம். வீடு வீடாகச் சைக்கிளில் ரொட்டி கொண்டுபோன கால்தான் பிறகு பந்தயத்துக்குப் போனது.

மரப்பலகைத் தடத்தில் இராப்பகலாக ஆறு நாள் ஓடும் பந்தயம் அது. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தடத்தோரம் ஒரு பெட்டிக்குள் தூங்குவாராம். பெர்லினிலும் ஆண்ட்வெர்ப்பிலும் ஜெயித்திருக்கிறார். காறை எலும்பு இரண்டு தரம் முறிந்திருக்கிறது. யுத்தம் வந்தது, பந்தயம் போனது. அப்புறம் சைக்கிள் வித்தை காட்டும் கோஷ்டி ஒன்றோடு பட்டேவியா, சிங்கப்பூர் என்று சுற்றி ரங்கூன் வந்து சேர்ந்தார். இங்கே கோஷ்டியின் மானேஜர் யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிவிட்டான். மற்றவர்கள் எப்படியோ ஊர் போனார்கள். இவர் பர்கத்துல்லா கடையில் சக்கரம் கட்ட உட்கார்ந்துவிட்டார்.

இப்போது வயது முப்பத்தெட்டு. மழைக்காலத்தில் வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. கால் சொன்னபடி கேட்கிறபோதே இன்னும் ஒரே ஒரு பந்தயம் ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ராயல் ஏரியைச் சுற்றி வெள்ளைக்காரர்களின் சைக்கிள் சங்கம் ஒன்று வருஷந்தோறும் பந்தயம் நடத்துகிறது. இந்த வருஷம் மனுப் போட்டார். ஒரே வரியில் பதில் வந்தது: புரொபஷனல்களுக்கு இடமில்லை.

அதென்ன வார்த்தை என்று பர்கத்துல்லா என்னைக் கேட்டார். 'கூலிக்கு ஓட்டுகிறவன்' என்றேன். வேறு எப்படிச் சொல்வது? பந்தயத்தில் பணம் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்றே என்று கொர்னேலிஸ் சங்கத்துக் காரியதரிசியிடம் நேரிலேயே போய்க் கேட்டார். சைக்கிள் கடைச் சம்பளமும் சைக்கிள் பிழைப்புதான் என்றாராம் அந்தத் துரை. அன்று அவர் கெய்ச்சா மஷிபூ சொல்லவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. துரை அரிசி ஆலை ஆபீசில் பேனா பிடித்துச் சம்பளம் வாங்குகிறார். அதற்காக, நீ எவருக்கும் கடிதம் எழுதக் கூடாது என்று அவரை யாராவது தடுத்தார்களா? சைக்கிளில் தந்தி கொண்டுபோகும் சேவகன் நல்லையாவையும் போன வருஷம் இதே சட்டத்தைச் சொல்லித்தான் துரத்தினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நம் ஜனங்களைக் கூலி, கூலி என்று கூப்பிட்டுப் பழகிய வாய், வயிற்றுக்கு உழைத்த குற்றத்துக்காகத் தன் நிறத்தவனையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டது. இவர்கள் விளையாட்டில் கனவான்களாம். வெட்கங்கெட்டவர்கள்.

போன ஞாயிறு காலை பந்தயம். வருகிற வழியில் டிராம் தண்டவாளத்தில் மாட்டி, காரியதரிசியின் பின்சக்கரம் கோணிவிட்டது. உடனே பர்கத்துல்லா கடைக்கு ஆள் ஓடி வந்தது. போகாதீர்கள் என்று நான் தடுத்தேன்.

"சக்கரம் என்ன குத்தம் பண்ணுச்சு?" என்றபடி திருகுசாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார் கொர்னேலிஸ்.

ஏரிக்கரையில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பத்தே நிமிஷத்தில் கோட்டம் எடுத்துவிட்டார். காரியதரிசி வண்டிக்குக் கை நீட்டினார். கொர்னேலிஸ் கொடுக்கவில்லை. ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுப்பது கடை வழக்கமில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கைலியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினார். பந்தயத் தொடக்கக் கோட்டில் வரிசையாக நின்ற பந்தயக்காரர்கள் பார்த்துக்கொண்டே நிற்க, முதுகு தணிந்து, ஏரியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார். நேரம் குறிக்க வந்தவர் கடிகாரத்தை வெறித்துப் பார்த்தார். நேரத்தைக் குறிக்காமலே அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேடிக்கை பார்த்த ரிக்‌ஷாக்காரர்கள் மணியை அடித்தார்கள்.

திரும்பி வந்து இறங்கியபோது அவருடைய வலது முழங்கால் மடங்கவில்லை. வண்டியைக் காரியதரிசியிடம் ஒப்படைத்தார்.

"கோட்டம் எடுத்ததுக்கு ஒண்ணும் வேணாம்," என்றார் தமிழில். "ஓட்டுனதுக்குக் கூலி."

தமிழில் துரைக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். கொர்னேலிஸ் மசகு படிந்த உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டியபடியே நின்றார்.