அண்ணன் விடாத கயிறு

கடந்த ஆண்டு நானும் அண்ணனும் ஒரே விமானத்தில் ஊர் வந்தோம். நான் இருக்கையில் இருந்தேன். அண்ணன் கீழே, சரக்குப் பகுதியில் இருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் நான் பேசியதில்லை. இந்த முதலாண்டு நினைவு நாளிலாவது, அண்ணன் எப்படிப் போனார் என்பதை உறவினர்களும் நண்பர்களும் அறிய வேண்டும்.

அண்ணன் உத்தமபாளையம் பக்கத்தில் பிறந்தார். அப்பா மாட்டுச் சந்தையில் லாடம் கட்டியவர். அப்பா படுக்கையில் விழுந்தபோது அண்ணன் பள்ளியை விட்டுச் சுத்தியலை எடுத்தார். அக்காவின் கல்யாணமும் என் ஐ.டி.ஐ. படிப்பும் அந்தச் சுத்தியலால் நடந்தவை. பிறகு வருமானம் போதாமல் வளைகுடாவுக்குப் போய், கம்பி கட்டும் வேலையில் பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தார்.

ராஸ் அல் கைமா பக்கம் ஒரு குதிரை லாயத்தில் ஆள் எடுப்பதாகக் கேம்ப்பில் சொன்னார்கள். லீவு நாளில் அண்ணன் அங்கே போய் நின்றார். லாடம் அடித்துக்கொண்டிருந்தவர் ஓர் அயர்லாந்துக்காரர்; அவரும் கிராமத்துக் கொல்லர் வீட்டுப் பிள்ளை. உலையும் ஆணியும் அண்ணனுக்குப் பழக்கம். குதிரைதான் புதிது. உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று எனக்குப் போன் செய்தார்.

“நாம மாட்டக் கீழ சாய்ச்சு, கால கட்டித்தான லாடம் அடிப்போம்? இங்க குதிரை நின்னுக்கிட்டே கால குடுக்குதுடா. நம்பிக் குடுக்குது!”

இருவரும் அரைகுறை இந்தியில் ஊர்க்கதை பேசுவார்களாம். அயர்லாந்தில் கொல்லர் இரும்பைத் தோய்த்த தண்ணீரை, மரு உதிரும் என்று வாங்கிப் போவார்களாம். அதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு கோடைக் காலையில் அயர்லாந்துக்காரர் ஒரு பெட்டைக் குதிரையின் பின்னங்காலைத் தூக்கி ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தார். கூரைத் தகரம் பெயர்ந்து விழுந்த சத்தத்தில் குதிரை மிரண்டது. அயர்லாந்துக்காரர் அதன் காலடியில் விழுந்துவிட்டார்.

“சோடோ பாய், சோடோ!” விட்டுவிடச் சொல்லி லாயத்து ஆள் ஒருவர் கத்தியிருக்கிறார். அண்ணன் விடவில்லை. கீழே கிடந்தவர் உருண்டு வெளியேறும் வரை குதிரையின் தலையைத் தன் பக்கமே இழுத்துப் பிடித்திருக்கிறார். முன்னங்கால் அண்ணன் வயிற்றில் இறங்கியது.

அங்கேயே ஒரு சிமெண்ட் பிளாண்ட்டில் வேலைக்குச் சேர்ந்து, அன்று டியூட்டியில் இருந்த நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணன் கண் திறந்தார்.

“குதிரைய ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லுடா. பயந்துதான் மிதிச்சிருச்சு.”

“சொல்றேண்ணே.”

பிறகு பேசவில்லை. மறுநாள் போய்விட்டார்.

காரியத்துக்கு அயர்லாந்துக்காரர் ஊர் வந்தார். அண்ணி என்னிடம், “தம்பி, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கயித்த விட்டிருந்தா உங்க அண்ணன் இருந்திருப்பாரா?” என்றார்.

ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தலை நிமிராமல், “ஆமாம். நான்தான் இருந்திருக்க மாட்டேன்” என்றார். அதை அண்ணியிடம் அப்படியே சொன்னேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அண்ணனின் உடலை ஊர் சேர்க்க அலைந்த தமிழ் நண்பர்களுக்கும், கேம்ப் அறைத் தோழர்களுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. அயர்லாந்துக்காரரை இந்த நன்றியில் சேர்ப்பதா என்று வீட்டில் வாக்குவாதம் வந்தது. அக்கா கூடவே கூடாது என்றார்.

அண்ணிதான் முடித்தார்: “போடுங்க தம்பி. உங்க அண்ணன் காப்பாத்துன உசுரு அது.”

அவருக்கும் நன்றி.