வைரம் நம் வீட்டில் தங்கிய வாரம்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் மூக்குத்திக்குக் கல் வாங்கப் போனபோது வைரம் மின்னும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. எட்டாவது வரை படித்துவிட்டு, பெங்களூர்த் துணி ஆலையில் தறி ஓட்டியவனுக்கு அதற்கு மேல் எப்படித் தெரியும்? கல்யாணத்தில் வெறும் வெள்ளைக்கல் மூக்குத்திதான் போட்டிருந்தோம். ஆலையில் போனஸ் வந்ததும், ஒற்றைக்கல் வைரத்தில் ஒன்று வேண்டும் என்றாள் அம்மா. அவளாக வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான்.

சிக்பேட்டையில் ஒரு ஷெட்டியார் கடைக்குப் போனோம். வெளியே தூறல். அவர் கல்லைக் காட்டவே மறுத்துவிட்டார்.

"மோடமா இருக்கு சார். லைட்டு வெளிச்சத்துல கண்ணாடித்துண்டு கூட ஜோராத்தான் தெரியும். நாளெ பன்னி, நாளைக்குக் காலையில வாங்க," என்றார் கன்னடமும் தமிழுமாக.

மறுநாளும் மழை. அதற்கடுத்த நாள்தான் வெயில் வந்தது. ஷெட்டியார் கடை வாசலுக்கே வந்து, மடித்த வெள்ளைக் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே அரிசி நொய் மாதிரி நாலைந்து கற்கள். விவரம் தெரிந்தவன் போல நான், "இருபத்திரண்டு காரட்தானே?" என்றேன்.

"சார், அவ்ளோ பெரிய கல்லு வேணும்னா அரமனையிலதான் கேக்கணும்!"

கடையே சிரித்தது. அம்மாவும்தான். தங்கத்தில் காரட் என்றால் சுத்தம்; வைரத்தில் அது எடை. நூறு செண்ட் சேர்ந்தால் ஒரு காரட். எங்கள் கல் சில செண்ட்தான் என்று ஷெட்டியார் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்குள் மெல்லிய நீலம் ஓடினால் 'ப்ளூ ஜாகர்'. கல்லை அசைக்கும்போது உள்ளே ஒளி தண்ணீர் போலத் தளும்பினால் 'நீரோட்டம்'. காக்கைக் கால் பதிந்தது போல உள்ளே கீறல் இருந்தால் 'காகபாதம்'. அதை மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். அம்மா ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு, வழக்கப்படி, ஒரு கல்லை எங்களிடம் கொடுத்தனுப்பினார். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். கெட்டது ஏதாவது நடந்தால் திருப்பிவிடலாம்.

அங்கேதான் வந்தது வினை. பின்தெருவில் இருந்த என் அக்கா, உங்கள் பெரிய அத்தை, அந்த வாரம் முழுக்க நம் வீட்டிலேயே காவல் இருந்தாள். பால் பொங்கி வழிந்தது. "ஒண்ணு," என்றாள். என் சைக்கிள் பங்ச்சர். "ரெண்டு."

"அவரு வண்டி பங்ச்சர் ஆகாத வாரம் எது அண்ணி?" என்றாள் அம்மா.

"பேசு பேசு. வைரம் பொல்லாதது பொண்ணே. அப்புறம் என்னைக் கேக்காதே."

அடுத்த நாள் அம்மா வாசற்படியில் கால் இடித்துக்கொண்டாள். வலியை விழுங்கிக்கொண்டு, ஏதோ கோலத்தைச் சரிபார்ப்பவள் போலக் குனிந்து நின்றாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். அக்கா 'வேண்டாம்' என்றால் கல் திரும்பிப் போய்விடும். அக்கா பேச்சை நான் தட்டியதில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

கடைசி நாள் காலை நல்ல வெயில். அம்மா குழாயடிக்குப் போகும்போது, "குழம்பைக் கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். காகபாதம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என அக்கா பொட்டலத்தைப் பிரித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். விரலிடுக்கில் வைத்தாள். திருப்பினாள். வாயால் ஊதித் துடைத்தாள். மறுபடியும் திருப்பினாள்.

அம்மாவும், கூடப் போயிருந்த நானும் குடத்தோடு உள்ளே வந்தபோது வீடெல்லாம் புகை. கத்திரிக்காய்க் குழம்பு சட்டியோடு கரியாகியிருந்தது. அக்கா ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

"அண்ணி! குழம்பு!"

அக்கா திரும்பிப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள், கையில் இருந்த கல்லைப் பார்த்தாள்.

அம்மா மெதுவாகக் கேட்டாள், "இது எத்தனையாவது அண்ணி?"

"எண்ணறதா இருந்தா என்னைத்தான் எண்ணணும். கல்லு பாவம், அது பாட்டுக்கு இருந்துச்சு," என்றாள் அக்கா. "என்ன நீரோட்டம்டி இதுல! கண்ணை எடுக்க முடியல. போ, புடவையை மாத்து, கடைக்குப் போலாம்."

கடையில் ஷெட்டியார், கல்லுக்குப் பின்பக்கத்தை மூடிக் கட்டுவதா, திறந்து கட்டுவதா என்று கேட்டார். அக்காதான் முந்திக்கொண்டாள். "திறந்தே கட்டுங்க. மூடிவெச்சா வெளிச்சம் எந்தப் பக்கமா உள்ளே போகும்?"

ஷெட்டியார் என்னைப் பார்த்தார். "சார், உங்க அக்காவும் வைர வியாபாரமா?"

மூக்குத்தி வந்த அன்று அதை மாட்டிவிட்டதும் அக்காதான். திருகை முடுக்கி அவள் கையை எடுத்தாளோ இல்லையோ, அம்மா வீடு அதிரத் தும்மினாள். நல்ல காரியத்தில் தும்மல்! நானும் அம்மாவும் அக்காவின் முகத்தையே பார்த்தோம்.

"நூறு வயசு," என்றாள் அக்கா, சட்டென்று. "இன்னொரு தடவை தும்மு பொண்ணே, இருநூறா இருக்கட்டும்."