குளிப்பாட்டி அழைத்துவரப்பட்ட நோயாளி

மயக்கவியல் பயிலும் இளையோருக்காக இதை எழுதுகிறேன். நினைவு தன் வசதிக்கேற்ப நிகழ்ச்சிகளைத் திருத்திக்கொள்ளும். திருத்திய நிகழ்ச்சியிலிருந்து பெற்ற பாடம் அடுத்த நோயாளிக்குத் தீங்காக முடியலாம். ஆகவே அன்று உடனிருந்த அறுவை மருத்துவரும் நானும் பின்னாளில் ஒப்புநோக்கி, இருவர் நினைவிலும் ஒத்திருந்தவற்றையே தருகிறேன். உரையாடலின் கருத்துக்கு உறுதி கூறுவேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கூற இயலாது. சின்னச்சாமி என்பது நோயாளியின் உண்மைப் பெயரன்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியாற்றினேன். ஒரு பிற்பகலில், தாராபுரத்துக்கு அப்பாலிருந்து நடுவயது விவசாயி ஒருவரை அவர் மனைவி வாடகைக் காரில் அழைத்துவந்தார். குடலிறக்கம் (ஹெர்னியா) தொடையிடுக்கில் சிக்கி, வீக்கம் கல்லாக இறுகியிருந்தது. வாந்தி நிற்கவில்லை. சிக்கிய குடலுக்கு இரத்தம் ஓடாவிட்டால் அது அழுகும். பிறகு உயிர் தங்குவது அரிது.

அறுவை மருத்துவர் கையுறையைத் தேடத் தொடங்கிவிட்டார். "குடல் கறுக்கறதுக்குள்ள திறக்கோணும். சீக்கிரம் மயக்கம் குடுத்துருங்க டாக்டர்."

இத்தகைய நோயாளிக்கு அந்நாளில் எங்கள் வழக்கம் ஒன்றே. உறங்கவைத்த மறுகணம் ஸ்கோலின் என்னும் தசைத்தளர்வு மருந்தைச் செலுத்தி, வயிற்றில் உள்ளது மேலேறுமுன் மூச்சுக்குழலில் குழாயை இறக்குவோம். ஸ்கோலின் மூச்சையும் நிறுத்தும். ஆனால் இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதனைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும், மூச்சு திரும்பும். மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்துவிட்டு நாடியைப் பிடித்தேன்.

நாடி மெதுவாக இருந்தது.

வாந்தியால் நீர் வற்றி, வலியால் துடிக்கும் ஒருவருக்கு நாடி ஓடவேண்டும். இவருக்கு அது உச்சிவேளை மாட்டுவண்டிபோல் நடந்தது. கண்மணிகள் ஊசிமுனையளவாகச் சுருங்கியிருந்தன. கடைவாயில் எச்சில் வழிந்தபடியிருந்தது.

"தாராபுரத்துல வலிக்கு ஊசி போட்டிருக்காங்க. கண்ணு சுருங்கத்தான் செய்யும்" என்றார் அறுவை மருத்துவர்.

"கண்ணு சரிங்க சார். எச்சில் எதுக்கு இப்படி ஊறுது?"

அப்போதுதான் சின்னச்சாமியின் தலைமுடி ஈரமாக இருப்பதைக் கவனித்தேன். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாதிருந்தது. நெற்றியில் புதுத் திருநீறு.

"ஏனுங்கம்மா, இவ்வளவு வலியில குளிச்சாருங்களா?" என்று அறை வாசலில் நின்ற மனைவியிடம் கேட்டேன்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வாறமே, அழுக்கோட இழுத்துட்டு வர முடியுங்களா டாக்டரம்மா? சோப்புப் போட்டுத் தண்ணி வாத்துத்தான் கூட்டியாந்தனுங்க."

"காலைல என்ன வேலை செஞ்சாரு?"

"ஒரு வேலையுமில்லீங்க. ஊட்டுலதான் இருந்தாருங்க." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பருத்தி விளையும் பகுதி. பூச்சி விழும் பருவம். என் ஐயத்தை வெளிப்படையாகவே கூறினேன். "பூச்சிமருந்து மேல பட்டிருந்தா, நான் குடுக்கற ஊசிக்கு அப்புறம் இவருக்கு மூச்சு நேரத்துக்குத் திரும்பாதுங்க. அதுக்குத்தான் கேக்கறேன்."

"எங்கூட்டுக்காரரு குடிக்கலீங்க. நீங்க போலீசுக்கு எழுதிப்போட்டா ஊரே வேற மாதிரி பேசும்."

"குடிச்சாருன்னு நான் சொல்லலீங்க. தோட்டத்துல பட்டிருந்தா, பட்டதுன்னுதான் எழுதுவேன்."

விடை நோயாளி படுத்திருந்த மேசையிலிருந்து வந்தது. "மருந்தடிக்கற டேங்கு ஒழுகுச்சுங்கம்மா" என்றார் சின்னச்சாமி. "முதுகெல்லாம் நனைஞ்சுபோச்சுங்க. மறுக்கா ரொப்பித் தூக்கறப்பத்தான் இந்தக் கொடலு எறங்கிருச்சு."

"தை மாசத்துலருந்து சொல்றேன், புது டேங்கு வாங்குங்கன்னு" என்றார் மனைவி. அதன் பிறகே அழுதார்.

இந்த அடையாளங்களைத் தரும் வகைப் பூச்சிமருந்து, ஸ்கோலினைச் சிதைக்கும் அந்த நொதியையே முடக்கும். சிரிஞ்சை அப்புறப்படுத்தினேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தால் ஸ்கோலின் தேவையில்லை. ஆனால் நீர் வற்றிய உடம்பில் அது இரத்த அழுத்தத்தை வீழ்த்தக்கூடும். முதலில் சலைன் ஓடவேண்டும். அட்ரோபின் கொடுத்து நஞ்சை மட்டுப்படுத்தவேண்டும். இரண்டுக்கும் நேரம் வேண்டும். குடலுக்கோ நேரமில்லை.

"காத்திருந்து குடல் போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றார் அறுவை மருத்துவர்.

"நான் சொல்றனுங்க சார். மூச்சு போச்சுன்னா ரெண்டு பேரும் சொல்லோணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கத்தியை எடுக்கவில்லை. செவிலியர் முதுகையும் நகக்கண்களையும் மீண்டும் சோப்பிட்டுக் கழுவினர். சலைனை ஓடவிட்டு, அட்ரோபினை மீண்டும் மீண்டும் செலுத்தினேன். நாடி எழுந்தது; எச்சில் வற்றியது; அழுத்தம் நிலைத்தது. பிறகே முதுகில் ஊசி போட்டேன்.

திறந்தபோது குடல் நாவற்பழ நிறத்தில் இருந்தது. வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் அதனைப் போர்த்திவிட்டு அறுவை மருத்துவர் காத்திருந்தார். விழித்திருந்த சின்னச்சாமி, "ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? ஒரே அமைதியா இருக்குது" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று அறுவை மருத்துவர் துணியை விலக்கினார். ஓரத்தில் சிவப்பு படர்ந்திருந்தது. குடல் மெல்ல ஒருமுறை நெளிந்தது. "வெட்ட வேண்டியதில்லை" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, குடலைப் பார்த்துச் சொன்னார். சின்னச்சாமி நலமாக வீடு திரும்பினார்.

அன்றுமுதல், அவசர அறுவைக்கு வருபவரிடம் என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்பதோடு, காலையில் என்ன வேலை செய்தார் என்பதையும் கேட்கிறேன். எங்கள் பக்கத்து மக்கள் மருத்துவர் முன் தூய்மையாக நிற்பதை மரியாதையாகக் கருதுவர். அம்மரியாதை நோயின் அடையாளங்களையும் கழுவிவிடக்கூடும். நாடி சொல்வது நோயோடு பொருந்தாவிட்டால், பொருந்தும்வரை கேளுங்கள்.

அறியாதவற்றையும் கூறவேண்டும். அந்த நொதியின் அளவை அறியும் சோதனை அன்று எங்கள் மருத்துவமனையில் இல்லை. கண்மணி சுருங்கியதில் வலி ஊசியின் பங்கு எவ்வளவு என்பதும் தெரியாது. அந்த அம்மையார் வழக்கத்தால் குளிப்பாட்டினாரா, பூச்சிமருந்து வாடையைப் போக்கவா என்று நான் கேட்கவில்லை. ஏற்றி வைத்த ஸ்கோலினைச் செலுத்தியிருந்தால் சின்னச்சாமிக்கு மூச்சு எப்போது திரும்பியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது.