பெயர் சொல்லாத தோணிக்காரர்

இலங்கைத்துறைக் களப்பில், நீரில் வேரூன்றிய கண்டல் காட்டுப் பறவைகளைக் காட்ட எங்களைத் தோணியில் ஏற்றிச் சென்றவர் மெலிந்த மனிதர். அடிக்கடி துடுப்பைத் தூக்கி, நீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

என் மகள் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டு வந்தாள். பயத்தில், “இங்க முதலை இருக்கோ?” என்று கேட்டுவிட்டேன்.

“தண்ணியில வைச்சு அதின்ர பேர் சொல்லக்கூடாது அக்கா. கூப்பிட்ட மாதிரி. பிள்ளை, கையை எடுங்கோ.”

“கூப்பிட்டா வருவாரோ?” சிரித்தபடியே மகள் கையை எடுத்தாள்.

கொக்குகள் சத்தமில்லாமல் எழும்பின. அவள் கை கிடந்த இடத்தில் இரண்டு கண்கள் மெல்ல மேலே வந்தன.

கரையில் இறங்கியதும் அவரிடம் போனேன். “முன்னமே அதைக் கண்டனீங்களோ?” என்றேன்.

“இல்லை அக்கா. நீங்கள் கூப்பிட்டனீங்கள்தானே.”

பகிடியோ, சிரிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் துடுப்பைத் தூக்கிச் சொட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.