கதவோடு இடம்பெயர்ந்தோம்

சண்டை வரப்போகிறது என்றதும் புளியந்தீவில் எல்லோரும் நகையையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எங்கள் அம்மா வாசல் கதவைக் கழற்றச் சொன்னாள். முந்திய கலவரத்தில், பூட்டிப் போன வீடுகளில் கதவைத்தான் முதலில் திருடினார்களாம். எங்களுடையது நல்ல முதிரை மரம். வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. மூத்த மகள் என்பதால் பிறகு எனக்குச் சீதனமாக வரவேண்டியது. எனக்கு அப்போது எட்டு வயது. மாப்பிள்ளையைவிடக் கதவு முக்கியம் என்ற முடிவுக்கு அம்மா அன்றைக்கே வந்துவிட்டாள்.

“கதவில்லாத வீட்டுக்குள்ள நாயும் பூருமே” என்றார் அப்பா.

“நாய் கதவத் தூக்கிப் போகாது” என்றாள் அம்மா.

இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது. அப்போது வாவியைக் கடக்க, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். இக்கரையில் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வீடு எங்க?” என்று கேட்டான். அக்கரையில் துப்பாக்கியோடு நின்ற இயக்கப் பொடியனும் அதையேதான் கேட்டான். இரண்டு தரப்பும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன்.

கொக்கட்டிச்சோலையில் அப்பாவின் தங்கை வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அதனால் மாமி எங்களைத் தங்கள் வயலில், காவலுக்குப் போட்டிருந்த வாடியில் இருத்தினாள். நாலு கம்பு, மேலே கிடுகு. சுவர் என்று ஒன்றும் இல்லை. அம்மா முன்கம்பு இரண்டுக்கும் நடுவில் கதவைக் கட்டுவித்தாள். இருட்டியதும் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்துகொள்வாள். மற்ற மூன்று பக்கமும் வயல் வட்டை பரந்து கிடக்கும். நான் பக்கத்தால் இறங்கினால், “கள்ளப்பூனை மாதிரிக் குறுக்கால போகாத புள்ள, வாசலால போ” என்று ஏச்சு விழும். மாமி சோறு கொண்டுவந்தால், எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே கதவைத் தட்டுவாள்.

“மச்சாள், திறங்ககா! கறி ஆறுது!”

அம்மா எழுந்து, சேலையைச் சரிசெய்து, திறப்பைப் போட்டுத் திறப்பாள். மாடுகள் மட்டும் இந்த மரியாதையைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

நான் சிரித்தேன்தான். ஆனால் ஷெல் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவோடு ஒட்டிக்கொள்வேன். அவ்வளவு பயம், அந்தக் கதவில் அவ்வளவு நம்பிக்கை. அம்மாவின் பயம் வேறு. ஒவ்வொரு வெடிக்கும், “எங்கிட வீடு இரிக்குமா?” என்று கேட்பாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, வீடு தேய்ந்து கதவு மட்டும் மிஞ்சிவிடுமோ என்று அவளுக்கு நித்திரையே இல்லை.

புளியந்தீவு அமைதியானதும் உழவு இயந்திரப் பெட்டியில் கதவோடு திரும்பினோம். வீடு இருந்தது. ஓடுகூட விழவில்லை. ஆனால் எங்கள் வாசல் நிலையில் வேறொரு கதவு நின்றது. நீலப் பெயின்ட் அடித்தது. உயரம் போதாமல் மேலே பலகைத் துண்டு வைத்து ஆணி அறைந்திருந்தார்கள். சொந்த வீட்டின் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டினாள்.

கைப்பிள்ளையோடு ஒரு பெண் திறந்தாள். “ஆரு வேணும்?”

“இது எங்கிட வீடு.”

அப்பாவும் டிரைவரும் முற்றத்தில் தூக்கிப் பிடித்திருந்த கதவை அவள் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். “உள்ள வாங்ககா. இருங்க.”

எங்கள் கதிரையில் எங்களை இருத்தி, எங்கள் பேணியில் எங்களுக்கே தேத்தண்ணி தந்தாள். அவளுக்கு ஊர் வாகரைப் பக்கத்து மீன்பிடிக் கிராமமாம். கதவில்லாமல் கிடந்ததால் ஆட்கள் விட்டுவிட்டுப் போன வீடு என்று நினைத்தார்களாம். அப்பா முற்றத்திலிருந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. வழியெல்லாம் யாரை எப்படி ஏசுவது என்று பழகிக்கொண்டு வந்தவள், தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள்.

“நாங்க எங்கிட கதவப் போடணும்” என்றாள் கடைசியில். “உங்கிட கதவ எப்ப கழட்டுவீங்க?”

“இப்பவே கழட்டித் தாறன். ஊர விட்டு வரக்குள்ள அவர் கழட்டிக் கொண்டு வந்தது. மறுகா வீடு எரிஞ்சி போச்சு. இதக் கொண்டுபோய் எங்க போடுறதெண்டுதான் தெரியல்ல.”

முற்றத்தில் அப்பாவுக்குக் கை கடுத்துவிட்டது. “இத எங்கதான் வைக்கிற?” என்று கத்தினார்.

“சுவரோட சாத்தி வைங்க” என்றாள் அம்மா.