கை இல்லாத நோயாளி

டொறத்தி பல் வைத்தியர். சிட்னியில் அதை நம்புவதற்கு இரண்டே பேர்தான் இருந்தார்கள்: அவளும், புருஷன் ஸ்ரான்லியும். மற்றவர்களுக்கு அவள், வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர். மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருஷம் பல் பார்த்த கை அது. இங்கே மறுபடி டிரிலைத் தொடுவதென்றால் மெல்பேர்னில் செய்முறைப் பரீட்சை பாசாக வேண்டும். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. வயது நாற்பத்தாறு. மூன்றாவதும் தவறினால் ஆசையை மூட்டை கட்டிவிடுவதென்று அவளே முடிவு செய்திருந்தாள்.

தவறியது கைத்திறன் போதாமல் அல்ல, நேரம் போதாமல். ஊரில், பல்லை மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்துக்குத் தட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் தொழில் பழகியவள் அவள். அரை மருந்தோடு துளைக்கும்போது நோயாளியின் இடது கைதான் வழிகாட்டி. "நொந்தால் கையைத் தூக்குங்கோ" என்று சொல்லிவிட்டு, ஐந்தாறு விநாடிக்கு ஒருக்கால் டிரிலை எடுத்து அந்தக் கையைப் பார்ப்பாள். பிறகுதான் தொடருவாள். தங்கமான பழக்கம். ஆனால் பரீட்சையில் படுத்திருப்பதோ பிளாஸ்ரிக் பல் பொருத்திய வெறும் தலை. இல்லாத கையைப் பார்த்துப் பார்த்தே இரண்டு தடவையும் கடைசிப் பல்லை முடிக்காமல் விட்டாள், பாவி.

அதனால்தான் பரமட்டாவில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். அங்கே தலையில் ஒரு கணினிக் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். அறையும் தெரியும், தன் கைகளும் தெரியும், அவற்றுக்கு நடுவே அந்தரத்தில் திறந்த வாயொன்றும் தெரியும். பேனா போன்ற கருவியை அதற்குள் கொண்டுபோனால் வெறுங்காற்றில் பல் கெட்டியாகத் தட்டுப்படும். சொத்தையைத் தொட்டதும் கைக்கு மெத்தென்றிருக்கும். டொறத்தி அசந்தே போனாள். முடிவில் மெசின் புள்ளி போட்டது: அறுபத்தொன்று. அதற்குக் கீழே ஒரு வரி: தேவையற்ற நிறுத்தங்கள், பத்தொன்பது.

சனிக்கிழமை தவறாமல் போனாள். கண் இடப்பக்கம் ஓடும்போதெல்லாம் பல்லைக் கடித்து இழுத்துப் பிடித்தாள். பத்தொன்பது பன்னிரண்டாயிற்று, ஐந்தாயிற்று. நான்காம் மாதம் ஒருநாள் பூச்சியம். புள்ளி தொண்ணூற்றுமூன்று. ஸ்ரான்லி பென்டில் ஹில் தமிழ்க் கடைக்குப் போய் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான்.

"மெசின் உன்ரை கண்ணுக்குக் கடிவாளம் போட்டிட்டுது," என்றான். அவளும் சிரித்தாள்.

அடுத்த புதன்கிழமை கிளினிக்கில், வழமையாக வரும் யோகராணி அன்ரிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. டிரில் பிடித்தது டொக்டர் ஹரிப்பிரியா. குழாய் பிடித்தது டொறத்தி. திடீரென்று அன்ரி டொறத்தியின் சட்டையைப் பற்றி இழுத்தார். டிரில் நின்றது. அன்ரியின் கண்ணோரம் நனைந்திருந்தது.

"எத்தினை தரம் கையைத் தூக்கினனான், பிள்ளை! நீர் பக்கத்திலைதானே நிண்டனீர்?"

"அக்கா, கையை நீங்கதானே பார்க்கணும்?" என்றாள் ஹரிப்பிரியா. "எனக்கு வாய்க்குள்ள மட்டும்தானே தெரியும்?"

டொறத்தி பார்த்துக்கொண்டிருந்தது பல்லை. பல்லை மட்டும்.

வீட்டில் ஸ்ரான்லியிடம் சொல்லி அழுதாள்.

"அப்ப சோதினைக்குப் போகாமல் விடப்போறியோ?"

"பழையபடி பாக்கத் தொடங்கினால் திரும்பவும் தவறுவன், ஸ்ரான்லி."

"முதலிலை பாஸ் பண்ணு. பிறகு ஆசை தீரப் பார். ஆர் மறிக்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது. போனாள். எட்டு நிமிஷம் மிச்சம் வைத்து எல்லாப் பல்லையும் முடித்தாள். பாசானாள். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் புதுப் பெயர்ப்பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள், பாவம்.

அதே கிளினிக்கில் இரண்டாவது அறை அவளுக்கு. ஒவ்வொரு காலையும், இன்றைக்குக் கையைப் பார்ப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே டிரிலை எடுத்தாள். பல் முடிந்து நிமிரும்போதுதான் ஞாபகம் வரும். திங்கள் மறந்தாள். செவ்வாய் மறந்தாள். புதன், வியாழனும் அப்படியே. இங்கே மருந்துக்குப் பஞ்சமில்லாததால் ஒருவருக்கும் நோகவில்லை. அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

வெள்ளிக்கிழமை யோகராணி அன்ரி வந்தார். மற்றப் பக்கத்துப் பல்லுக்கு டொறத்திதான் வேண்டுமென்று கேட்டு வந்திருந்தார்.

"எங்கடை டொக்டர் எண்டுதான் வந்தனான்," என்றபடி கதிரையில் சாய்ந்தார். "எனக்கு ஊசி லேசிலை பிடியாது, பிள்ளை. கையைத் தூக்கினால் நிப்பாட்டுவீர்தானே?"

ஓம் என்ற சொல் டொறத்தியின் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் பக்கம் திரும்பினாள்.

"தர்சினி, நீர் பல்லைப் பாக்க வேண்டாம். அன்ரியின்ரை கையை மட்டும் பாரும். தூக்கினவுடனை என்ரை தோளிலை அடியும்."

"ஏன் டொக்டர், நீங்கள் பாக்க மாட்டீங்களோ?"

"பாக்க மாட்டன்," என்றாள் டொறத்தி. "என்னை நம்பாதையும்."

அன்ரி டொறத்தியைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, தர்சினியின் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.