பரமநாதன் மலை ஏறாத காலை

செய்தி வந்தபோது நான் தேத்தண்ணியை ஆறவைத்துக்கொண்டிருந்தேன். பரமநாதனின் மருமகன் நேசன்தான் தொலைபேசியில் பேசினான். "அம்மான், மாமா மோசம் போயிட்டார். விடிய எழும்பேல்லை" என்றான். "தமக்கைக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டேன். "ஓம், ரவி போய்ச் சொன்னவன்." சரி என்று வைத்துவிட்டேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் வீட்டுக்கு நடந்தேன்.

தமக்கை என்றது பரமநாதனின் அக்கா ராணியை. ரவி அவளுடைய மகன். அந்த ரவியின் கல்யாணத்தைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது தரவேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பரமநாதனை அறிந்த உங்களுக்கு அவருடைய நல்ல குணங்களை அடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஒரு பயந்தவர், பயத்தாலே சொந்த அக்கா மகனின் தாலிகட்டுக்குப் போகாமல் நின்றவர் என்று உங்களில் பலர் பேசி நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் கூட இருந்தேன். கண்டதைச் சொல்லுகிறேன்.

பரமநாதன் எண்பதுகளில் லண்டனுக்கு, வால்தம்ஸ்டோவுக்கு வந்தவர். பஸ் கராஜில் வேலை. என்னைவிடப் பதினைந்து வயதுக்கு இளையவர். என்னை அண்ணை என்பார், நான் பரமு என்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரவிக்கு சுவிஸில் பெண் சரிவந்தது. பெண்ணின் தகப்பன் மலைமேல் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தார். முதலாளி தன்னுடைய மண்டபத்தையே கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டான். மார்கழியில் கல்யாணம் செய்ய ஏலாது. தை பிறந்ததும் நாள் வைத்தார்கள். தை மாதம் சுவிஸ் மலையில் என்ன இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பரமநாதன் யோசித்தார். பனியில் வழுக்காமல் இருக்கக் கார்ச் சக்கரத்துக்குச் சங்கிலி வாங்க வேண்டும் என்றார்.

லண்டனில் அப்போது பனிச்சங்கிலி கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. அப்டன் பார்க்குக்கு நான் மீன் வாங்கப் போன ஒரு சனிக்கிழமை அவரும் காரில் வந்தார். மீனை வாங்கிக்கொண்டு ஒரு கார்ச் சாமான் கடைக்குள் போனோம். கடைக்காரன் எங்கேயோ பின்னாலிருந்து இரண்டு பெட்டிகளைத் தூசி தட்டி எடுத்து வந்தான். ஒன்று ஏணி மாதிரி, குறுக்குக் கட்டு மட்டும் உள்ளது. மற்றது வலை மாதிரிப் பின்னியது. பரமநாதன் இரண்டையும் கடையின் நிலத்தில் விரித்தார். கையால் இழுத்துப் பார்த்தார். "ஏணியிலை படிக்கும் படிக்கும் இடையிலை டயர் சும்மா நிக்கும் அண்ணை. அந்த நேரத்திலை வண்டி பக்கத்துக்கு வழுக்கும். வலை எண்டால் எப்பவும் ஏதோ ஒரு கண்ணி நிலத்திலை கிடக்கும்" என்றார். பிறகு வெளியே போய்க் குனிந்து, டயரின் பக்கத்தில் இருந்த இலக்கத்தையும் பெட்டியிலிருந்த இலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, சங்கிலி சுற்றும்போது பிரேக் குழாயில் முட்டாமல் இடம் இருக்கிறதா என்று விரலால் அளந்தார். மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது. "பரமு, சீலைக்கடையிலை பொம்பிளையளும் இவ்வளவு நேரம் நிக்கமாட்டினம்" என்றேன். "சீலை பொருந்தாட்டில் மாத்தலாம் அண்ணை" என்றார்.

வாங்கியதோடு விடவில்லை. மழையில்லாத ஞாயிறுகளில் தன் வீட்டு வாசலில் அதைப் பூட்டிப் பழகினார். நேசனுக்கும் பழக்கினார். அரிசிச் சாக்கை விரித்து முழங்காலில் நிற்பார். கம்பளிக் கையுறைக்கு மேலே கோப்பை கழுவும் ரப்பர் கையுறை. சங்கிலியைச் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்து, பின் கொளுக்கியைக் கண்ணால் பார்க்காமல் கையாலேயே தேடி மாட்டி, பிறகு முன் கொளுக்கி. காரைக் கொஞ்சம் உருட்டி, நிறுத்தி, தளர்ந்ததை மறுபடி இறுக்குவார். இந்தக் காருக்கு முன் சக்கரம்தான் இழுக்கும், ஆகவே முன்னுக்குத்தான் பூட்ட வேண்டும் என்பார். ஊரில் ஓடிய பழைய கார்களின் நினைப்பில் நேசன் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவான். ஒவ்வொரு முறையும் திட்டு வாங்குவான். எதிர்வீட்டு வெள்ளைக்கார மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ரேடியோவில் வானிலை சொல்லுகிறவனுக்குத் தெரியாத பனி உங்களுக்கு மட்டும் தெரியுமோ என்று கேட்டாள். நம்மவர்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள். "என்ன பரமு, மாட்டுக்குச் சலங்கை கட்டுறியோ? வண்டிச் சவாரிக்கோ?" சலங்கைப் பரமு என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது நல்லம்மாப் பெரியம்மா தானும் வருகிறேன் என்றார். வயது எண்பதுக்குக் கிட்ட. ராணிக்கும் பரமநாதனுக்கும் தாயின் தமக்கை. தனியே வரமாட்டார், கோயிலில் கூட இருக்கும் இரண்டு கிழவிகளும் வரவேண்டும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மூன்று பொடியள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். ஒரு கார் போதாது என்றாகி, மரக்கறிக் கடைக்காரர் ஒருவரின் வான் வண்டியை இரவல் வாங்கினார்கள். ஞாயிறுகளில் கோயிலுக்கு ஆள் ஏற்றும் வான், சீற்று பூட்டியது, கறிவேப்பிலை மணம். அதன் சக்கரம் பெரிது. அதற்கேற்ற சங்கிலி சொல்லி எடுப்பிக்க வேண்டும், அதற்கு நாள் காணாது என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். "பரவாயில்லை. முதல் நாள் பின்னேரமே மலையடிக்குப் போய்விடுவம். வானை அடியிலை விட்டிட்டு, காரிலை ரெண்டு மூண்டு தரமாய் ஆக்களை ஏத்தலாம்" என்றார் பரமநாதன். நல்ல திட்டம்தான்.

வெளிக்கிடும் நாளில் எல்லோரும் ஏறியாயிற்று. பெரியம்மா ஏறவில்லை. இராகுகாலம் என்றார். அது முடியும்வரை வாசலில் கதிரை போட்டு இருந்தார். நல்ல காரியத்துக்குப் போகிறபோது கெட்ட நேரத்தில் வெளிக்கிடுவதோ என்று ராணியும் சொன்னாள். அதை மறுத்துப் பேச அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. டோவரில் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்குக் காத்து நின்று, இரவெல்லாம் பிரான்சில் ஓடி, மலையடிக்கு வந்து சேர்ந்தபோது கல்யாண நாள் காலை. இரவு முழுதும் பனி கொட்டியிருந்தது. இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

தெருவோரத்தில் வட்டமாய் நீலப் பலகை ஒன்று. எழுத்தே இல்லை, சங்கிலி சுற்றிய சக்கரத்தின் படம் மட்டும். சங்கிலி இல்லாமல் ஏறக்கூடாது என்று எனக்கே விளங்கியது. முகூர்த்தத்துக்கு இருந்த நேரத்தில் கார் ஒரு தரம்தான் ஏறலாம்.

பரமநாதன் சாக்கை விரித்தார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நேசன். இந்த முறை நேசன் பிழைவிடவில்லை. காரை உருட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்கினார்கள். ரவி, ராணி, ராணியின் புருஷன் மூவரும் ஏறினார்கள். நேசன் ஓட்டுவான். இன்னும் ஓர் இடம் இருந்தது.

"பரமு, ஏறு" என்றாள் ராணி.

"நீங்கள் போங்கோ அக்கா. நான் பிறகு வாறன்."

"பிறகு எண்டால்? தாலி கட்டின பிறகோ? தாய்மாமன் இல்லாமல் என்ரை பிள்ளை மணவறையிலை இருக்கிறதோ?"

அப்போது பொடியளில் ஒருவன் வானிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, நீங்கள் யோசிக்காமல் போங்கோ. நாங்கள் முதல் கியரிலை மெல்ல மெல்ல ஏத்திக்கொண்டு பின்னாலை வாறம்" என்றான். பரமநாதன் அவனைப் பார்த்தார். பின்சீற்றில் சால்வையால் மூடிக்கொண்டிருந்த மூன்று கிழவிகளையும் பார்த்தார். பெரியம்மாவிடம் போய், "காரிலை ஒரு இடம் இருக்கு, நீங்கள் போறியளோ?" என்று கேட்டார். "இவையளை விட்டிட்டு நான் போகமாட்டன்" என்றார் பெரியம்மா. கூறைச் சீலைத் தட்டத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார் பரமநாதன்.

"உனக்கு அக்கா பெரிசோ, இரவல் வான் பெரிசோ?" என்று ராணி கண்ணாடியை இறக்கிக் கேட்டாள். பரமநாதன் ஓட்டுநர் பக்கம் போனார். "நேசன், சங்கிலியோடை வேகமாய்ப் போகாதை. உருட்டிக்கொண்டு போ" என்று மட்டும் சொன்னார். கார் போய்விட்டது.

அவர் வானின் ஓட்டுநர் சீற்றில் ஏறி இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சூட்டுக்காக. ஒரு கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டார். இடைக்கிடை இறங்கிப் பின்னால் போய் வந்தார். புகைக்கப் போகிறார் என்று பொடியள் நினைத்தார்கள். ஒருமுறை நானும் இறங்கிப் போனேன். புகைக்குழாயை மூடியிருந்த பனியைக் கையால் வாரி எறிந்துகொண்டிருந்தார். அது அடைபட்டால் புகை வானுக்குள் திரும்பும் என்றார்.

"நீ போயிருக்கலாமே பரமு" என்றேன்.

"வான் திறப்பைக் கழட்டிக் கொண்டு போனால் எஞ்சின் நிண்டு சூடும் போயிடும். கிழவியள் தாங்காதுகள். விட்டிட்டுப் போனால் பொடியள் ஏத்துவாங்கள்."

"என்னட்டைத் தந்திருக்கலாம்."

"மூண்டு பொடியளோடை நீங்கள் மல்லுக்கட்டுறதோ அண்ணை?"

"ஏத்தினால் ஏறாதெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஏறியும் இருக்கும்" என்றார்.

நாங்கள் நின்ற நேரத்தில் எங்களுடையதைப் போன்ற ஒரு வான் சங்கிலி இல்லாமலே மலை ஏறிப் போனது. பொடியள் கைதட்டினார்கள். "பாருங்கோ மாமா." அது திரும்பி வரவில்லை. மேலே சேர்ந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அவர் செய்ததற்கு அத்தாட்சியாய் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முகூர்த்த நேரம் கடந்தபோது பெரியம்மா மணி கேட்டார். சொன்னேன். கையைக் கூப்பிக் கண்ணை மூடியிருந்துவிட்டு, "பரமு, உன்ரை பயத்தாலை நான் பேரன்ரை தாலிகட்டுப் பார்க்கேல்லை" என்றார். பரமநாதன் திரும்பிப் பார்த்து, "ஓம் பெரியம்மா. எனக்குக் கொஞ்சம் பயம்தான்" என்றார்.

பந்தி முடிந்தபின் நேசன் காரைக் கொண்டு இறங்கி வந்தான். முதலில் கிழவிகளை ஏற்றினான், பிறகு பொடியளை. கடைசியாய் அவரும் நானும் போனபோது மணவறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரவி வந்து மாமனின் காலில் விழுந்தான். ராணி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். குசினியில் பெண்ணின் தகப்பன் எங்களுக்குச் சோறு போட்டார்.

ராணி நாலு வருஷம் தம்பியோடு பேசவில்லை. பிறகு பேசினாள், தேவைக்கு மட்டும். அவருடைய காரில் மட்டும் ஏறவில்லை. கோயிலுக்கு மழையிலும் பஸ்ஸில்தான் போனாள். அவர் பஸ் தரிப்பில் காரை நிறுத்தி, "அக்கா, ஏறன்" என்பார். "பஸ் வருகுது" என்பாள். தரிப்பிடத்தில் நானும் நின்ற ஒரு நாளில் இது நடந்தது. அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய், "நான் போய் ராணிக்கு உள்ளதைச் சொல்லப்போறன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "வேண்டாம் அண்ணை. அக்காவுக்குச் சொன்னால் பெரியம்மான்ரை காதுக்குப் போகும். தங்களாலைதான் நான் நிண்டனெண்டு தெரிஞ்சால் அந்த மனுசி இனி ஒரு இடத்துக்கும் வெளிக்கிடாது. பாரமாய் இருக்கிறன் எண்டு வீட்டுக்குள்ளை குந்திவிடும். நான் பயந்தவனாய் இருக்கிறதிலை ஆருக்கு என்ன நட்டம்?"

"உனக்கு அக்கா நட்டம்" என்றேன்.

என் கையை விட்டார். "ஓம், அது நட்டம்தான்" என்றார். ஆனாலும் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லவில்லை.

பெரியம்மா போன வருஷம் காலமானார். பரமநாதனும் போய்விட்டார். இனி மறைக்க ஆள் இல்லை என்றபடியால் சொல்லுகிறேன். ராணி, இதை உனக்கு வாசித்துக் காட்டுவார்கள். அந்த வானுக்காக அவன் நிற்கவில்லை. நீ ஏறிப் போனபின் அவன் அந்த மலையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டேன். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சரி பிழையை நீயே பார்த்துக்கொள்.

பெரியம்மா கடைசிவரை ஒரு கல்யாணத்தையும் விடவில்லை. ஹவுன்ஸ்லோவில் என்றாலும் வந்தார், பிரான்சில் என்றாலும் வந்தார். எங்கே போனாலும் முன்வரிசைக் கதிரையில் இருந்துகொண்டு, பரமநாதன் கண்ணில் பட்டால் பக்கத்தில் இருப்பவர்களிடம் சத்தமாய்ச் சொல்லுவார்: "இவன்ரை வண்டியிலை ஏறிப்போடாதேங்கோ. சரியான பயந்தவன். தாலிகட்டுப் பார்க்க விடமாட்டான்." எல்லோரும் சிரிப்பார்கள். பரமநாதனும் சிரிப்பார். வாயால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. அந்தக் கிழவி தன்னுடைய காலால் நடந்து வந்து முன்வரிசையில் இருக்கிறாளே என்ற சந்தோஷத்தில், தோள் குலுங்கச் சிரிப்பார். பரமநாதனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சிரிப்பைத்தான்.